நாய் உள்ள வீட்டுக் கொல்லைக்கு எந்தத் தரை: செயற்கைப் புல்லா, உயிர்ப்புல்லா, கல்லா?

நல்ல உடல்நிலையில் இருக்கும் நாய், தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 40 மில்லிலிட்டர் சிறுநீர் கழிக்கும். 25 கிலோ லாப்ரடார் என்றால் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. நடக்கக் கூட்டிப்போகும்போது வெளியே போய்விடுவதைக் கழித்து, பாதிதான் கொல்லையில் விழுகிறது என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 90 முதல் 180 லிட்டர் வருகிறது. இரண்டு நாய் இருந்தால் அப்படியே இரட்டிப்பு. கொல்லைக்கு என்ன தரை போடலாம் என்று யோசிக்கிறவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு இது. இத்தனை சிறுநீரும் எங்கே போகப்போகிறது? பச்சையாக இருக்குமா, மெத்தென்று இருக்குமா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நாங்கள் இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கினோம். மழை பெய்தால் கொல்லை முழுக்கச் சேறு. இரண்டு நாய்களும் வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலிருந்து படுக்கையறை வரை எட்டுப் பாதங்களின் தடம். செயற்கைப் புல் விரித்தால் தீர்ந்தது என்று நினைத்தோம். வேலை இரண்டே நாளில் முடிந்தது. முதல் வருடம் உண்மையிலேயே நிம்மதி. இரண்டாவது வெயில் காலத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. கண்ணில் எரிச்சல் வரும் அளவுக்கு நெடி. எந்தத் திரவத்தை ஊற்றிக் கழுவினாலும் இரண்டு நாளில் திரும்ப வந்தது. கடைசியில் ஒரு ஓரத்தைப் பிரித்துப் புரட்டிப் பார்த்தேன். புல்விரிப்பின் முதுகில் வெள்ளையும் மஞ்சளுமாகப் படிவு. அதன் கீழே கெட்டிப்பட்ட களிமண், அதன்மேல் மெல்லிய மணல். தண்ணீர் வடிந்து ஓட வாட்டம், அதாவது சரிவு, துளிகூடக் கிடையாது. அத்தனை நாள் சிறுநீரும் அங்கேயே ஊறிக் கிடந்திருக்கிறது.

அதனால் இந்த ஒப்பீட்டை மேலே தெரியும் தரையிலிருந்து தொடங்காமல், அதன் அடியிலிருந்து தொடங்குகிறேன்.

சிறுநீருக்கு என்ன நடக்கிறது

சிறுநீரில் யூரியா இருக்கிறது. எங்கும் பரவியிருக்கும் சில பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியால் அதை உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. மூக்கில் ஏறுவது அதுதான். உயிருள்ள மண்ணில் இந்த அம்மோனியாவுக்குப் போக இடம் இருக்கிறது. களிமண் துகள்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்கும். புல்லின் வேர் அதை உறிஞ்சிக்கொள்ளும். அதாவது புல்லுக்கு அது உரம். செயற்கைப் புல்லின் பிளாஸ்டிக் இழைக்கு இந்த வேலை எதுவும் தெரியாது. தண்ணீர் கீழே கொண்டுபோனால் போகும்; இல்லாவிட்டால் காய்ந்து உப்பாகப் படிந்து, அடுத்த ஈரத்தில் மறுபடி நெடி கிளப்பும். மழை தூறியவுடன் நாற்றம் கூடுவதாகப் பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் உயிர்ப்புல்தானே சிறந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் உரமும் ஓரிடத்தில் கொட்டினால் எரித்துவிடும். புல்தரையில் நடுவே பழுப்பாகக் கருகி, சுற்றிலும் கரும்பச்சையாகச் செழித்த வட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் நைட்ரஜன் அளவு மீறிப் போயிருக்கிறது. ஓரத்தில் அதுவே நீர்த்துப்போய் ஊட்டமாகியிருக்கிறது. பெண் நாய்கள் குந்தி ஒரே இடத்தில் மொத்தமாகக் கழிப்பதால் வட்டம் அங்கே அதிகம். பெண் நாயின் சிறுநீரில் அமிலம் கூடுதல் என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அதை நம்பி நாயின் சாப்பாட்டில் வினிகர், சோடா உப்பு, கடையில் விற்கும் மாத்திரை என்று சேர்ப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதைக்கிறது. சிறுநீரின் அமிலத்தன்மையைக் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் மாற்றினால் சிறுநீர்ப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு இருக்கிறது. ஒரு புல்தரைக்காக அந்த ஜீவன் வலியில் துடிக்கக் கூடாது.

கருகலைத் தடுக்க எளிய வழி தண்ணீர். நாய் எழுந்து நகர்ந்ததும் ஒரு வாளி ஊற்றினால் போதும். பல மணி நேரம் கழித்து ஊற்றினால் பலன் குறைவு. புல்லின் வகையும் முக்கியம். குளிர்ப் பகுதிகளில் வளரும் புல் வகைகளில் டால் ஃபெஸ்க்கும் ரை புல்லும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கென்டகி புளூகிராஸ் சீக்கிரம் கருகும். வெப்பப் பகுதிகளில் அருகம்புல் கருகினாலும் ஓடுதண்டு விட்டு அந்த இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரோடும் குணம்தான் நாய் உள்ள கொல்லையில் அதைக் காப்பாற்றுகிறது. ஆனால் அருகுக்கு வெயில் வேண்டும். மரநிழலிலும் உயர்ந்த மதில் ஓரத்திலும் அது நலிந்துபோகும். நாய் தினமும் வேலியோரம் ஓடித் தேய்க்கும் பாதையில் எந்தப் புல்லுமே நிற்காது.

நிழல் என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965இல் திறந்த ஆஸ்ட்ரோடோம் என்ற கூரையிட்ட பேஸ்பால் அரங்கில் முதலில் உயிர்ப்புல்தான் போட்டிருந்தார்கள். கூரையின் ஒளிபுகும் பலகைகள் வழியே வந்த கூச்சத்தில் மேலே எழும்பிய பந்து ஆட்டக்காரர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை. பலகைகளுக்குச் சாயம் அடித்தார்கள். வெளிச்சம் குறைந்து புல் செத்துப்போனது. 1966இல் அங்கே விரித்த நைலான் புல்தான் ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயரையே பெற்றது. செயற்கைப் புல்லுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வெளிச்சம் இல்லாத இடம். இன்றும் அதற்கு ஏற்ற இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வெயில்

இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாள் முழுக்க நேர் வெயில் விழும் கொல்லையில் நாய்க்காகச் செயற்கைப் புல் போடாதீர்கள்.

அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002இல் விளையாட்டுத் திடல்களின் செயற்கைப் புல்லை அளந்து பார்த்தார்கள். காற்றின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்த நாளில் புல்லின் மேற்பரப்பு 93 டிகிரி வரை ஏறியிருந்தது. தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கலாமே என்றும் பார்த்தார்கள். 79 டிகிரியில் இருந்த பரப்பு தண்ணீர் பட்டதும் 29க்கு இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் 49 ஆனது. இருபது நிமிடத்தில் 73. திடல்களில் போடும் கறுப்பு ரப்பர் துகள்கள் சூட்டைக் கூட்டும் என்பது உண்மை. வீட்டுப் புல்லில் அவை இல்லாவிட்டால் சற்றுக் குறையும். ஆனாலும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான். உயிர்ப்புல் தன் இலைகள் வழியே நீராவியை விட்டுத் தன்னையே குளிர்வித்துக்கொள்கிறது; பிளாஸ்டிக்கால் அது முடியாது.

நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. வியர்வைச் சுரப்பி பெரும்பாலும் பாதத்தின் அடியில்தான். அந்தப் பாதமே சூட்டில் வைக்கப்பட்டால் என்ன செய்யும்? புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் நாயாலும் முடியாது. எங்கள் வயதான பெண் நாய் இரண்டாவது கோடையில் நண்பகலில் வெளியே போகவே மறுத்தது. வயது ஆகிவிட்டது, சோம்பல் என்று நினைத்தோம். ஒருநாள் செருப்பில்லாமல் நானே காலை வைத்தபோதுதான் காரணம் தெரிந்தது. அதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சில வகை இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் வெயிலைக் குவித்து எதிரே அடிக்கும். அந்த ஒளி விழும் இடத்தில் செயற்கைப் புல் உருகிச் சுருண்டுவிடும். ஜன்னலுக்கு எதிரே போடுவதாக இருந்தால் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயற்கைப் புல்தான் என்று முடிவானால்

நிழலான இடம், சிறிய கொல்லை, இரண்டு மூன்று நாய்கள், புல் வளர்த்து வளர்த்துத் தோற்ற அனுபவம். இப்படி இருந்தால் செயற்கைப் புல் நல்ல முடிவுதான். ஆனால் காசு போக வேண்டிய இடம் புல்லின் அடி.

மண்ணை வெட்டி எடுத்து, உடைத்த ஜல்லியை 75 முதல் 100 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்பித் திமிசு போட்டு இறுக்க வேண்டும். களிமண்ணாக இருந்தால் இன்னும் ஆழம் வேண்டும். தூள் மிகுந்த கலவையை இறுக்கினால் அது தண்ணீரைத் தாங்கிக்கொண்டு தேக்கிவிடும். தூள் குறைந்த ஜல்லி கேளுங்கள். மீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வாட்டம், வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கமாக. இதை ரசமட்டம் வைத்து நீங்களே பாருங்கள். எங்கள் கொல்லையில் நாங்கள் பார்க்காமல் விட்டது இதைத்தான். சிமெண்ட் தளத்தின்மேல் விரிப்பதாக இருந்தால் நேரடியாகப் போடாமல், இடையில் தண்ணீர் ஓட இடம்விடும் கட்டங்கள் கொண்ட பிளாஸ்டிக் தட்டுகளைப் போட்டு உயர்த்த வேண்டும்.

அடுத்தது புல்விரிப்பின் முதுகு. மலிவான விரிப்புகளில் முதுகு முழுக்க ரப்பர் போன்ற பூச்சு, அதில் இடைவெளி விட்டுத் துளைகள். சிறுநீர் விழும் இடத்தில் துளை இருக்க வேண்டுமே? பக்கவாட்டில் ஊர்ந்து துளையைத் தேடிப் போவதற்குள் பாதி காய்ந்துவிடும். முழுப் பரப்பிலும் நீர் கசியும் முதுகு கொண்ட விரிப்புகள் இருக்கின்றன. நாய்க்கு அதுதான் வேண்டும். விற்பவரிடம் ஒரு குவளை தண்ணீரை எந்த இடத்திலாவது ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். இழையில் நைலானைவிடப் பாலிஎத்திலீன் மேல். நைலான் ஈரத்தை உள்ளே இழுக்கும். உயரம் 25 முதல் 35 மில்லிமீட்டர் போதும். அதைவிட உயர்ந்த புல் படத்தில் அழகாகத் தெரியும், மலம் அதில் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. அடியில் சுருள் சுருளாகப் பழுப்பு இழை வைத்து நிஜப்புல் போலக் காட்டும் வகைகளிலும் இதே தொல்லைதான்.

இழைகளுக்கு நடுவே தூவும் நிரப்பியில் ரப்பர் துகள் வேண்டவே வேண்டாம். சூடும் கூடும், நாய் தின்னவும் தின்னும். சாதாரண மணல் இழையை நிமிர்த்தி வைக்கும், நெடிக்கு எதுவும் செய்யாது. சியோலைட் என்ற எரிமலைக் கனிமம் அம்மோனியத்தைத் தன் நுண்துளைகளில் பிடித்து வைத்துக்கொள்ளும். உண்மையிலேயே பயன் தருகிறது. ஆனால் அதற்கும் கொள்ளளவு உண்டு. நிரம்பிவிட்டால் புதிதாகத் தூவ வேண்டும். வாட்டம் இல்லாத தரையை சியோலைட் காப்பாற்றாது.

பராமரிப்பே வேண்டாம் என்று விற்கிறார்கள். நாய் உள்ள வீட்டுக்கு அது பொருந்தாது. மலத்தை அன்றன்றே எடுக்க வேண்டும், கொக்கிப்புழுவும் உருண்டைப்புழுவும் பிளாஸ்டிக் என்று பார்த்து விலகிப்போவதில்லை. மழை இல்லாத நாட்களில் சிறுநீர் போகும் இடத்தை ஹோஸ் பைப்பால் தினமும் அலச வேண்டும். தண்ணீரை மிச்சம் பிடிக்கச் செயற்கைப் புல் போடுகிறவர்கள் இந்தத் தண்ணீரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை நொதி கலந்த கழுவு திரவம். பிளீச்சிங் பவுடர், குளோரின் கலந்த திரவம் எதையும் சிறுநீர் ஊறிய தரையில் ஊற்றாதீர்கள். அம்மோனியாவோடு சேர்ந்து குளோராமைன் வாயு கிளம்பும். மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும் நச்சு அது. தரையோடு மூக்கை வைத்து மோந்து திரியும் நாய்க்கு இன்னும் ஆபத்து.

ஓரங்களை மறந்துவிடக் கூடாது. தோண்டும் நாய் நடுவில் தோண்டாது, ஓரத்தில் ஒரு நூல் தூக்கியிருந்தால் அங்கிருந்து தொடங்கும். சுற்றிலும் கட்டையோ கல்லோ பதித்து, அதன் உள்விளிம்பில் நெருக்கமாக ஆணி அடித்திருக்க வேண்டும். டாக்ஸண்ட், டெரியர் போன்ற நாய் இனங்கள் தோண்டுவதற்கென்றே பிறந்தவை. அவற்றுக்கு ஒரு மூலையில் மணற்குழி விட்டுக்கொடுங்கள், நிம்மதியாக இருக்கும். எதையும் கடித்து விழுங்கும் குட்டி என்றால் இழை குடலை அடைக்கும் அபாயம் இருக்கிறது. அந்த வயது தாண்டும்வரை பொறுக்கலாம்.

மற்ற தரைகள்

கூழாங்கல்லை நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் மதிக்கத் தொடங்கிவிட்டேன். முனை மழுங்கிய சிறு கற்கள், ஒரு சாண் ஆழம். சிறுநீர் நேரே மண்ணுக்குள் இறங்கிவிடும். அலசுவதும் எளிது, மேல்கற்களை அவ்வப்போது மாற்றவும் முடியும். கல்லை விழுங்கும் பழக்கம் உள்ள நாய்க்கும், மூட்டுவலி உள்ள நாய்க்கும் ஆகாது. கூர்முனை ஜல்லியைப் போட்டுவிட்டு நாய் அதில் போகவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பாவம், பாதம் கிழியும் இடத்தில் அது எப்படிப் போகும்?

மரச்சீவல் மெத்தென்று இருக்கும், விலையும் குறைவு, நெடியை ஓரளவு அடக்கும். மக்கிப் போவதால் வருடந்தோறும் கொட்ட வேண்டும். கோகோ தோல் கலந்ததை மட்டும் வாங்கவே கூடாது. சாக்லேட்டில் இருக்கும் அதே தியோபுரோமின் அதிலும் இருக்கிறது, நாய்க்கு விஷம். வாசனை வேறு சுண்டி இழுக்கும்.

சிமெண்ட் தளம் கழுவ எளிது, வெயிலில் சுடும், பெரிய நாய்களின் மூட்டுக்குக் கடினம். வெள்ளைக் குளோவர் என்ற தரைபடர் செடி சிறுநீரைப் புல்லைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் பூக்கும் காலத்தில் தேனீ வரும்.

ஒரு விஷயத்தில் செயற்கைப் புல்லுக்கு நேர்மையாக மதிப்பெண் கொடுக்க வேண்டும். புல் மகரந்தத்தால் தோல் அரிப்பு வந்து, பாதத்தை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும் நாய்கள் இருக்கின்றன. மருத்துவர் காரணம் புல்தான் என்று உறுதி செய்தால் தரையை மாற்றுவது அந்த நாய்க்குப் பெரிய விடுதலை. களைக்கொல்லி, பூச்சிமருந்து தெளிக்கும் தேவையும் போய்விடுகிறது.

எதிர்ப்பக்கத்தில் சுற்றுச்சூழலுக்கு வரும் கேடு இருக்கிறது. 10 முதல் 15 வருடம் வரும் என்று சொல்லி விற்கும் விரிப்பு, நாய்கள் புழங்கும் இடத்தில் அதற்கு முன்பே படுத்துவிடும். இழையும் முதுகும் வேறு வேறு பிளாஸ்டிக்காக, நடுவே மணலும் அழுக்கும் சேர்ந்து இருப்பதால் மறுசுழற்சி கடினம். பெரும்பாலும் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. அதுவரை இழை தேய்ந்து நுண்பிளாஸ்டிக்காக உதிர்ந்துகொண்டே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் திடல்களில் தூவும் பிளாஸ்டிக் துகள் நிரப்பியை 2031 முதல் விற்கக் கூடாது என்று 2023இல் சட்டம் செய்திருக்கிறது. அதே 2023இல் கலிபோர்னியா, வீட்டுச் செயற்கைப் புல்லைத் தடைசெய்யும் அதிகாரத்தை உள்ளூர் நிர்வாகங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. நீங்கள் இருக்கும் இடத்தில் விதி என்ன என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பிஃபாஸ் என்ற சிதையாத வேதிப்பொருட்களும் சில விரிப்புகளில் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஈயமும் பிஃபாஸும் இல்லை என்ற சோதனைச் சான்றை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

எனக்குப் பட்டது

பெரிய கொல்லை, நல்ல வெயில், ஒரே நாய்: உயிர்ப்புல். சிறுநீருக்கு ஒரு மூலையில் கூழாங்கல் போட்டு அங்கே போகப் பழக்கிவிட்டால் கருகல் வட்டங்களும் பெருமளவு குறையும். பொறுமையாகப் பழக்கினால் இரண்டு மூன்று வாரத்தில் பல நாய்கள் பிடித்துக்கொள்ளும். சிறிய கொல்லை, நிழல், பல நாய்கள்: அடித்தளத்தை ஒழுங்காகப் போட்டு செயற்கைப் புல். வெயில் கொளுத்தும் சிறிய கொல்லை என்றால் கூழாங்கல்லும் பந்தல் நிழலும். பணம் இருந்தாலும் செயற்கைப் புல் வேண்டாம். வாடகை வீடு என்றால் மரச்சீவல் போதும்.

ஒரே தரையால் கொல்லை முழுவதையும் மூடியாக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டதுதான் எங்களுக்கு உண்மையான தீர்வாக இருந்தது. இப்போது பின்வாசலை ஒட்டி, மதில் நிழல் விழும் பகுதியில் மட்டும் செயற்கைப் புல், அடியில் நல்ல ஜல்லியோடு. சேறு வீட்டுக்குள் வருவது அந்த நாலு அடியிலேயே நின்றுவிட்டது. வெயில் விழும் நடுப்பகுதியில் அருகு. வேலியோரம் அவை ஓடும் தடத்தில் கூழாங்கல். எங்கள் நாய்க் கிழவி நண்பகலிலும் வெளியே போய் அருகம்புல்மேல் படுத்துக்கொள்கிறாள்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். விற்பவரிடம் ஒரு மீட்டர் துண்டு மாதிரி வாங்கி, நீங்கள் போட நினைக்கும் அதே இடத்தில் இரண்டு வாரம் கிடத்துங்கள். நண்பகலில் புறங்கையை வையுங்கள். நாய் அதன்மேல் சிறுநீர் கழிக்கட்டும். நீங்கள் எப்போதும் அலசுவது போலவே அலசுங்கள். பக்கத்தில் மண்ணில் முழங்கை ஆழம் குழி வெட்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால், புல்லுக்கு முன் வடிகாலுக்கு வழி பார்க்க வேண்டும். பதினைந்தாம் நாள் அந்தத் துண்டைப் புரட்டி, முதுகை மோந்து பாருங்கள்.